டிரைவர் இல்லை என்பதற்காக ஸ்கேனரைத் தூக்கிப் போடலாமா?
விண்டோஸ் 11-க்கு டிரைவர் (கருவியைக் கணினியோடு பேச வைக்கும் மென்பொருள்) இல்லாத ஸ்கேனரைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது வாங்கச் சொல்கிறது இந்தக் கட்டுரை. இதை ஏற்க முடியவில்லை. பெரும்பாலும் கருவி நன்றாகத்தான் இருக்கும். பழைய 32-பிட் விண்டோஸுக்கு எழுதிய டிரைவரை 64-பிட் வகையான விண்டோஸ் 11 ஏற்காது, அவ்வளவுதான். யுஎஸ்பி ஸ்கேனர் என்றால் முதலில் பழைய ஸ்கேனர்களையும் இயக்கும் வியூஸ்கேன் மென்பொருளின் சோதனைப் பதிப்பைப் போட்டுப் பாருங்கள். இல்லையா, பென் டிரைவில் லினக்ஸை ஓடவிட்டு அதற்கான சேன் (SANE) என்ற ஸ்கேனர் மென்பொருளில் பாருங்கள். எங்கள் வீட்டுப் பழைய ஸ்கேனர் அப்படித்தான் இன்றும் ஓடுகிறது. அது சிசிடி வகை, அதாவது லென்ஸ் வழியாகப் படத்தைச் சென்சாரில் விழவைப்பது. தடித்த புத்தகத்தை விரித்து வைத்தால், தையல் ஓரத்தில் கண்ணாடியைத் தொடாத எழுத்துகளும் ஓரளவு தெளிவாக விழும். இப்போது மலிவாக வரும், சென்சார் கண்ணாடியை ஒட்டியே இருக்கும் சிஐஎஸ் வகையில் அந்த இடம் மங்கிவிடுகிறது. பேரலல் போர்ட்டில் (யுஎஸ்பிக்கு முந்தைய அகலமான இணைப்பு) செருகும் ஸ்கேனரை என்ன செய்வது என்று மேலே ஒருவர் கேட்டிருக்கிறார்; அதற்கு மட்டும் பழைய கணினி ஒன்றை வைத்துக்கொள்வதே நல்லது. கடையில் கிடைக்கும் யுஎஸ்பி மாற்றுக் கேபிள்கள் பொதுவாகப் பிரிண்டருக்குத்தான் உதவும்.