மார்ஷலைப் பாதியில் மூடிவைக்கிறவர்கள்

‘அடுத்த சிலிக்கான் பள்ளத்தாக்கு’ என்று எந்த நாட்டு அமைச்சர் அறிவித்தாலும் எனக்கு ஒரு பழைய சந்தேகம் தலைதூக்கும். இவருக்குத் திட்டம் எழுதிக்கொடுத்தவர்கள் பொருளாதார அறிஞர் மார்ஷலை முழுசாகப் படித்தார்களா, இல்லை வசதியான இடத்தோடு மூடிவைத்துவிட்டார்களா? கொஞ்சம் நீளமான பதிவு. எந்தத் தொழில் எந்த இடத்தில் ஏன் வளர்கிறது என்று பார்க்கிற பொருளாதாரப் புவியியல் பிடிக்காதவர்கள் இங்கேயே நழுவிவிடலாம், கோபித்துக்கொள்ள மாட்டேன்.

ஆல்ஃபிரட் மார்ஷல் 1890-இல் வெளியிட்ட தன் பெரிய பொருளாதார நூலில், ஒரு தொழில் ஓரிடத்தில் வேர்விட்டால் ஏன் லேசில் இடம்பெயராது என்று ஒரு அத்தியாயம் எழுதினார். அங்கே தொழிலின் சூட்சுமம் யாருடைய பெட்டிக்குள்ளும் பூட்டிக் கிடக்காது, காற்றிலேயே கலந்திருக்கும், பிள்ளைகள் தங்களை அறியாமலே அதைக் கற்றுக்கொள்வார்கள் என்றார். பக்கத்திலேயே கருவி செய்கிறவர், மூலப்பொருள் தருகிறவர் முளைத்துவிடுவார்கள். கைத்தேர்ச்சி உள்ள ஆள் வேண்டும் என்று முதலாளி அங்கே வருவார், வேலை வேண்டும் என்று ஆளும் அங்கேயே வருவார். இன்றைக்குக் ‘கிளஸ்டர்’ (தொழில் திரள்) என்ற பெயரில் விற்கப்படுகிற சரக்கில் முக்கால்வாசி இதுதான்.

அதே அத்தியாயத்தில் இன்னும் கொஞ்சம் தள்ளி வேறொன்றும் இருக்கிறது. ஒரே தொழிலை நம்பியிருக்கும் வட்டாரம், சரக்குக்குக் கிராக்கி விழுந்தாலோ மூலப்பொருள் வற்றினாலோ படுத்துவிடும் என்கிறார். இரும்புத் தொழில் வட்டாரங்களில் உடல் வலுவுள்ள ஆண்களுக்கு மட்டுமே வேலை. தனி ஆளின் கூலி அதிகம், குடும்பத்தின் மொத்த வருமானம் குறைவு. சுரங்கங்களை ஒட்டி நெசவாலைகள் வந்து பெண்களுக்கு வேலை தருவது இதனால்தான் என்றும் எழுதுகிறார். இந்தப் பகுதியை மேற்கோள் காட்டும் திட்ட அறிக்கை ஒன்றை இதுவரை நான் பார்த்ததில்லை.

என் கட்சி என்னவென்றால், இந்தத் துறையில் படிக்கத் தொடங்குகிறவர் சிலிக்கான் பள்ளத்தாக்கை விட்டுவிட்டு ஜெர்மனியின் ரூர் வட்டாரத்தில் தொடங்க வேண்டும்.

சிலிக்கான் பள்ளத்தாக்கு ஆய்வுகள் மோசம் என்று சொல்லவில்லை. அந்தப் பள்ளத்தாக்கையும் பாஸ்டன் வட்டாரத்தையும் வைத்து ஆய்வாளர் அன்னலீ சாக்சேனியன் 1994-இல் எழுதிய ஒப்பீடு இன்றும் படிக்கச் சுவையானது. கலிஃபோர்னியாவில் ஃபேர்சைல்ட் என்ற சில்லு நிறுவனம் தொடங்கிய அதே 1957-இல், பாஸ்டன் இருக்கும் மாசசூசெட்ஸில் ஒரு பழைய கம்பளி ஆலைக் கட்டடத்தில் டிஜிட்டல் எக்விப்மென்ட் என்ற கணினி நிறுவனம் தொடங்கியது. பாஸ்டனைச் சுற்றிய நிறுவனங்கள் எல்லாவற்றையும் தாங்களே செய்தன, ரகசியம் காத்தன, ஊழியரிடம் விசுவாசம் எதிர்பார்த்தன. மேற்கே ஆட்கள் நிறுவனம் விட்டு நிறுவனம் தாவினார்கள், தாவும்போது தெரிந்ததையும் தூக்கிக்கொண்டு போனார்கள். டிஜிட்டல் 1998-இல் இன்னொரு கணினி நிறுவனமான காம்பேக்கிடம் விலைபோனது. தாவுவதற்குச் சட்டமும் வழிவிட்டது என்று பின்னால் சட்ட ஆய்வாளர்கள் எடுத்துக்காட்டினார்கள்: வேலையை விட்டவன் போட்டி நிறுவனத்தில் சேரக் கூடாது என்ற ஒப்பந்தம் கலிஃபோர்னியாவில் 1872-இலிருந்தே செல்லாது.

இதைப் படித்துவிட்டு உலகமெங்கும் அரசாங்கங்கள் என்ன செய்தன? பல்கலைக்கழகத்துக்குப் பக்கத்தில் கண்ணாடிக் கட்டடம் கட்டி ‘பூங்கா’ என்று பலகை மாட்டின. அந்த 1872 சட்டத்தைக் காப்பியடிக்க வரிசையில் யாரும் நிற்கவில்லை. அது முதலாளிகளுக்குக் கசக்கும். கட்டடத்துக்கு ஒப்பந்ததாரர் கிடைப்பார், திறப்பு விழாவும் நடத்தலாம். ரான் மார்ட்டின், பீட்டர் சன்லி என்ற இரு புவியியலாளர்கள் 2003-இல், கிளஸ்டர் என்ற கருத்தின் எல்லை எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்றே யாரும் சொல்வதில்லை என்று ஒரு பிடி பிடித்தார்கள். சிலர் முகம் சுளித்தார்கள். வியாபாரம் நிற்கவில்லை.

இனி ரூர். நிலக்கரியும் எஃகும் கைகோத்து வளர்ந்த வட்டாரம். மார்ஷல் சொன்ன காற்று அங்கே வேண்டிய மட்டும் இருந்தது. 1958-இல் நிலக்கரி நெருக்கடி தொடங்கியது. இவ்வளவு அறிவு, இவ்வளவு உறவு, இவ்வளவு கைத்தேர்ச்சி இருந்தும் ஏன் திரும்ப எழவில்லை என்று ஆய்வாளர் கெர்னோட் கிராபர் 1993-இல் ஆராய்ந்தார். அந்த உறவுகளே பூட்டாகிவிட்டன என்பது அவர் விடை. மூன்று பூட்டுகள்.

இயந்திரம் செய்து கொடுத்த சிறிய நிறுவனங்கள் பெரிய எஃகாலைகளோடு அத்தனை நெருக்கம். இன்னும் சில ஆண்டுகளில் ஆலைக்கு என்ன தேவைப்படும் என்று முன்கூட்டியே தெரிந்துவிடும். பிறகு வெளியே வாடிக்கையாளர் எதற்கு, சொந்தமாக ஆராய்ச்சி எதற்கு? ஆலை சாய்ந்த அன்று, இவர்களுக்கு வேறு யாரிடமும் விற்கத் தெரியவில்லை. அடுத்தது மனதுக்குள் விழுந்த பூட்டு. எல்லோரும் ஒரே வட்டத்தில் பேசிக்கொண்டிருந்ததால் சரிவைத் தற்காலிகம் என்றே நம்பினார்கள். ‘இதுமாதிரி எத்தனை மந்தத்தைப் பார்த்திருக்கிறோம்’ என்ற பேச்சு எந்தக் காலத்திலும் எந்தத் தொழிலிலும் கேட்கிறதுதான், ஆனால் மாற்றிப் பேச ஆளில்லாத ஊரில் அது வேதவாக்காகிவிடுகிறது. மூன்றாவது அரசியல். கம்பெனிகள், தொழிற்சங்கங்கள், மாநில அரசு மூன்றும் ஒரே பக்கம் நின்று பழைய தொழிலுக்கே பணத்தைக் கொட்டின. சுரங்கக் கம்பெனிகளிடம் ஏராளமான நிலம் இருந்தது. தங்கள் ஆட்களை இழுத்துக்கொள்ளக்கூடிய புது முதலாளிகளுக்கு அதை விற்க மறுத்தன.

பிணைப்பு தளர்ந்த உறவுகளே வேலை தேடுகிறவனுக்கு அதிகம் உதவும் என்று 1973-இல் சமூகவியலாளர் மார்க் கிரானோவெட்டர் காட்டியிருந்தார். கிராபர் அதைத் திருப்பிப் போட்டு, இறுக்கமான உறவுகளின் பலவீனம் என்று தன் கட்டுரைக்குப் பெயர் வைத்தார். எனக்கு இன்றும் பொறாமை வரும் தலைப்பு.

இங்கே என் வாதத்துக்கு எதிரான ஒன்றையும் சொல்லியாக வேண்டும். அதே இறுக்கம்தான் அந்தச் சுரங்கத் தொழிலாளிகளைத் தாங்கியும் பிடித்தது. ரூர் சுரங்கங்களின் மூடல் அறுபது ஆண்டுகள் இழுத்ததற்கு ஒரு காரணம், எந்தச் சுரங்கத் தொழிலாளியையும் நடுத்தெருவில் விடக் கூடாது என்ற உடன்பாடு. முன்கூட்டிய ஓய்வு, வேறு சுரங்கத்துக்கு மாற்றம், மறுபயிற்சி என்று படிப்படியாக இறக்கினார்கள். பிரிட்டனில் 1984–85 வேலைநிறுத்தம் முறியடிக்கப்பட்ட பின் சுரங்கங்கள் சடசடவென்று மூடப்பட்ட கதையைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், ‘பூட்டு’ என்று அலட்சியமாகச் சொல்ல நாக்கு கூசுகிறது. ஆராய்ச்சியாளர்கள் புதுமையை அளப்பதில் காட்டும் அக்கறையில் பாதியை இதற்கும் காட்டலாம்.

பிரிட்டன் என்றதும் நினைவுக்கு வருபவர் புவியியலாளர் டோரீன் மாஸி. அதே 1984-இல் அவர் எழுதிய நூல், வேலை எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவோம் என்று கற்றுக்கொடுத்தது. தலைமை அலுவலகமும் ஆராய்ச்சியும் தென்கிழக்கு இங்கிலாந்தில் இருக்கும். பாகங்களைப் பொருத்தும் கிளைத் தொழிற்சாலை பழைய நிலக்கரி வட்டாரத்துக்குப் போகும். ஏன் அங்கே? லிண்டா மெக்டவலோடு சேர்ந்து எழுதிய கட்டுரையில் வட இங்கிலாந்தின் சுரங்க வட்டாரமான டர்ஹாமையும் பருத்தி வட்டாரமான லங்காஷயரையும் ஒப்பிடுகிறார். லங்காஷயர் பெண்கள் தலைமுறைகளாகப் பருத்தி ஆலையில் உழைத்தவர்கள், சங்கமும் வாக்குரிமைப் போராட்டமும் கண்டவர்கள். டர்ஹாமில் சுரங்கத் தொழிலாளியின் மனைவிக்கு வீட்டுக்கு வெளியே வேலையே இல்லை. ஆலை அனுபவமும் சங்கப் பழக்கமும் இல்லாத அந்தப் பெண்கள்தான் புதிதாக வந்த முதலாளிகளுக்குத் தோதானவர்களாகத் தெரிந்தார்கள். மார்ஷல் போகிறபோக்கில் தொட்ட குடும்பக் கணக்கு, கிட்டத்தட்ட நூறாண்டு கழித்து இந்த இரண்டு பெண்கள் கையில்தான் கேள்வியாக மாறியது. ஆலையை எங்கே வைத்தால் மலிவு என்று நடுவில் வந்த ஆல்ஃபிரட் வெபர் போட்ட போக்குவரத்துச் செலவுக் கணக்கிலும் சரி, பின்னால் நோபல் வாங்கிய பொருளாதார அறிஞர் பால் க்ருக்மனின் சமன்பாடுகளிலும் சரி, அந்த மனைவி கண்ணில் படமாட்டாள்.

சரிந்த வட்டாரங்களை என்ன செய்வது என்று கொள்கை வகுக்கிற இடத்தில் சண்டை இன்னும் ஓயவில்லை. 2009-இல் உலக வங்கி அறிக்கை, அடர்த்தியும் ஆட்கள் இடம்பெயர்வதும்தான் வழி என்றது. அதே ஆண்டு ஐரோப்பிய ஆணையத்துக்குப் பொருளாதார அறிஞர் ஃபாப்ரிசியோ பார்கா தந்த அறிக்கை, அந்தந்த இடத்தைப் புரிந்துகொண்டு அங்கேயே முதலீடு செய் என்றது. ‘வேலை இருக்கிற இடத்துக்குப் போ’ என்று சொல்லிவிடுவது சுலபம். போக முடியாதவர்கள், போக விரும்பாதவர்கள் வாக்குப்பெட்டியில் பதில் சொன்னார்கள் என்று 2018-இல் பொருளாதாரப் புவியியலாளர் ரொட்ரிகேஸ்-போஸே எழுதியபோது, 2016 பிரெக்சிட் வாக்கெடுப்பு நடந்து முடிந்திருந்தது. நான் பார்கா பக்கம்தான். ஆனால் ‘அங்கேயே முதலீடு’ என்பது பழைய தொழிலுக்கே தீனி போடுவதில் முடிந்தால் என்ன ஆகும் என்பதற்கும் ரூர்தான் சாட்சி.

2018 டிசம்பரில் ரூரின் பாட்ராப் நகரின் ப்ராஸ்பர்-ஹானியல் சுரங்கம் மூடப்பட்டது. கடைசியாக வெட்டிய நிலக்கரித் துண்டைத் தொழிலாளிகள் ஜெர்மன் அதிபர் ஸ்டைன்மையரிடம் கொடுத்தார்கள். ரூரில் சுரங்கம் தோண்டித் தோண்டிச் சில இடங்களில் நிலம் இருபது மீட்டருக்கும் மேல் இறங்கியிருக்கிறது. தண்ணீரை இறைத்து வெளியேற்றும் பம்பை நிறுத்தினால் அந்தப் பள்ளங்களில் தண்ணீர் தேங்கி ஊர்களே மூழ்கும். ஜெர்மன்காரர்கள் இதற்கு ‘நித்தியச் சுமை’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். பழைய நிலக்கரிக் கம்பெனியின் சொத்துகளைக் கொண்டு அமைத்த ஓர் அறக்கட்டளை செலவைக் கட்ட, பம்புகள் இப்போதும் ஓடிக்கொண்டிருக்கின்றன.