லெட்ச்வொர்த்துக்கு அக்டோபர் மட்டும்தானா?

அக்டோபரில் இலை நிறம் மாறும்போது போனால்தான் நியூயார்க் மாநிலத்து லெட்ச்வொர்த் பூங்காவைப் பார்த்ததாகக் கணக்கு என்று கட்டுரையாளர் எழுதியிருக்கிறார். அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் அந்த மாதச் சனி, ஞாயிறுகளில் காரை நிறுத்த இடம் தேடியே பாதி நாள் போய்விடும்.

நாங்கள் பக்கத்து நகரமான ராச்செஸ்டரில் இருப்பதால் எல்லாப் பருவத்திலும் போயிருக்கிறோம். என் ஓட்டு ஏப்ரலுக்குத்தான். பனி உருகி ஜெனசி ஆறு பழுப்பாக நுரைத்துக்கொண்டு வரும். 107 அடி உயர நடு அருவியின் சாரல் மேலே நிற்பவரின் மூக்குக் கண்ணாடி வரை நனைக்கும். மழையில்லாத ஆகஸ்டில் அதே அருவி மெலிந்து கிடக்கும். குளிர்காலத்தில் கூடாரம் போட முடியாது, ஆனால் சூடேற்றும் வசதியுள்ள மரக்குடில்கள் உண்டு. கடுங்குளிர் நீடித்தால் கிளென் ஐரிஸ் விடுதி அருகே நீரூற்றுத் தண்ணீர் மேலுக்கு மேல் உறைந்து, பனியாலான எரிமலை மாதிரி எழும்பி நிற்கும். பிள்ளைகளுக்கு அருவியைவிட அதுதான் பிடித்தது.

கூடாரம் போட்டுத் தங்குபவர்களுக்குத் தேவையான விறகைப் பற்றிக் கட்டுரையில் ஒன்றுமே இல்லை. பதப்படுத்தாத விறகை 50 மைலுக்கு மேல் கொண்டுபோக நியூயார்க் மாநிலத்தில் தடை. ஆஷ் மரங்களைக் கொல்லும் வண்டு விறகோடுதான் ஊர் ஊராகப் பயணம் போகிறது. பக்கத்திலேயே வாங்கிக்கொள்ளுங்கள்; சோறு வடிக்கவும் அப்புறம் ராத்திரி குளிர்காயவும் ரெண்டு கட்டு போதும்.

சரி, இன்னொன்று. மிச்சச் சாப்பாட்டைக் காருக்குள் வைத்துப் பூட்டுங்கள். அங்கே திரியும் ரக்கூன் என்ற காட்டு விலங்குக்குத் தூக்குவாளி மூடியைத் திறக்கத் தெரியும். ஒரு வாளி சாம்பார் கொடுத்துக் கற்றுக்கொண்டோம்.