பிளேலிஸ்ட் அடியில் நிற்கும் அந்த மொத்த நேரம்

மியூசிக் பிளேயர் எழுதுகிறவர்கள் ஈக்வலைசருக்குக் கொடுக்கும் அக்கறையில் கால்வாசியைப் பிளேலிஸ்டின் மொத்த நேரத்துக்குக் கொடுத்தால் போதும். அந்த எண்ணைப் பலரும் ஏறிட்டுப் பார்ப்பதே இல்லை. பார்த்தவர்கள் நம்புவதில்லை. நம்பாததற்கு நியாயமும் இருக்கிறது.

நேரம் தப்பாக வந்தால் கூட்டலில் கோளாறு என்று நினைத்துக்கொள்கிறோம். பெரும்பாலும் கோளாறு அதற்கு முன்பே, ஒவ்வொரு பாட்டின் நீளத்தையும் படிக்கிற இடத்திலேயே நடந்து முடிந்திருக்கும்.

எம்பி3 ஃபைலையே பாருங்கள். "என் நீளம் இவ்வளவு" என்று சொல்லியே ஆகவேண்டிய இடம் அதற்குள் எதுவும் கிடையாது. இருப்பதெல்லாம் வரிசையாக ஃபிரேம்கள் என்ற சின்னச் சின்ன ஒலித்துண்டுகள்: ஒன்றில் 1152 சாம்பிள் (ஒலியின் ஒற்றை அளவீடு), 44,100 ஹெர்ட்ஸில், அதாவது வினாடிக்கு 44,100 சாம்பிள் என்ற கணக்கில், சுமார் 26 மில்லிவினாடி. பிட்ரேட் (ஒரு வினாடி ஒலிக்குச் செலவாகும் பிட்டுகள்) ஏறி இறங்கும் விபிஆர் ஃபைல் என்றால், எம்பி3-ஐ உருவாக்கும் முறையான என்கோடர் முதல் ஃபிரேமில் ஸிங் (Xing) ஹெடர் என்ற தலைப்புக் குறிப்பு ஒன்றை எழுதி, மொத்தம் எத்தனை ஃபிரேம் என்று குறித்து வைக்கும். ஒரு பெருக்கல், வேலை முடிந்தது. அந்த ஹெடர் இல்லாத ஃபைல் வந்தால்தான் சிக்கல். சோம்பேறிப் பிளேயர் முதல் ஃபிரேமின் பிட்ரேட்டை எடுத்து, ஃபைலின் அளவை அதால் வகுத்துவிடும். பாட்டு நிசப்தத்தில் தொடங்கினால் அந்த முதல் ஃபிரேம் வெறும் 32 கிலோபிட்டாக இருக்கலாம். 50 லட்சம் பைட் ஃபைல், சராசரி 160 கிலோபிட் என்று வைத்துக்கொண்டால் உண்மையான நீளம் 4:10. பிளேயர் காட்டுவதோ 20:50. இப்படி நாலு பாட்டு இருந்தாலே மொத்தக் கணக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஊதிவிடும்.

இதன் தம்பி ஒன்று உண்டு. ஃபைலுக்குள் ஒட்டியிருக்கும் ஆல்பம் படத்தையும் சேர்த்து வகுப்பது. 5 லட்சம் பைட் படம், 128 கிலோபிட் பாட்டு என்றால் இல்லாத 31 வினாடி முளைக்கும். படமும் பாட்டின் பெயரும் இருக்கும் டேக் பகுதியின் அளவைக் கழித்த பிறகே வகுக்க வேண்டும். ஹெடர் இல்லையென்றால் எல்லா ஃபிரேமையும் எண்ணுவதே நேர்வழி. ஒலியை டிகோட் செய்யத் தேவையில்லை. ஒவ்வொரு ஃபிரேமின் தலையிலும் உள்ள 4 பைட்டைப் படித்துத் தாவிக்கொண்டே போனால் போதும். ஒருமுறை எண்ணிய விடையைச் சேமித்து வைத்துக்கொள்ளலாம். கேட்பவர் தன் பக்கமே சரிசெய்ய நினைத்தால், ஃபூபார்2000 என்ற பிளேயரில் விபிஆர் ஹெடரைத் திருத்தும் வசதி இருக்கிறது. எஃப்எஃப்எம்பெக் என்ற ஒலி, வீடியோ மாற்றும் கருவியில் மறுபடி என்கோட் செய்யாமல் அப்படியே நகலெடுத்தாலும் புது ஹெடர் எழுதப்பட்டுவிடும், ஒலித்தரம் குறையாது.

ஃபிளாக், வேவ் என்ற மற்ற ஒலி ஃபைல் வகைகள் இரண்டிலும் தொல்லை குறைவு. ஆனால் ஃபிளாக் ஹெடரில் மொத்த சாம்பிள் 0 என்று இருந்தால் "தெரியவில்லை" என்று அர்த்தம்; அதை 0:00 என்று காட்டுவது தப்பு. எம்3யூ என்ற பிளேலிஸ்ட் ஃபைலில் இதே வேலையை -1 செய்கிறது. அதையும் ஒரு எண்ணாக நினைத்து அப்படியே கூட்டினால் மொத்தத்தில் ஒரு வினாடி குறையும்! கியூ ஷீட், அதாவது ஒரே ஃபைலுக்குள் எந்தப் பாட்டு எங்கே தொடங்குகிறது என்ற குறிப்பு, இன்னொரு பொறி. ஒரு மணி நேர ஆல்பம் ஒரே ஃபைலாக இருந்து, அதன் 12 பாட்டுக்கும் முழு ஃபைலின் நீளத்தையே போட்டால் மொத்தம் 12 மணி நேரம். கியூவில் இருப்பது தொடக்க நேரம் மட்டுமே, அதுவும் நிமிடம், வினாடி, வினாடியில் 75-இல் ஒரு பங்கு என்ற அளவில். அடுத்த பாட்டின் தொடக்கத்திலிருந்து கழித்துத்தான் நீளம் தெரியும். கடைசிப் பாட்டுக்கு மட்டும் ஃபைலின் நீளம் வேண்டும்.

நீளம் தெரியாத பாட்டு பட்டியலில் இருக்கும்போது என்ன காட்டுவது? வின்ஆம்ப் என்ற பழைய பிளேயர் இதற்கு எப்போதோ விடை சொல்லிவிட்டது: தெரிந்தவரை கூட்டி, பக்கத்தில் ஒரு "+". 2:14:30+ என்றால் குறைந்தது இவ்வளவு என்று பார்த்ததும் புரிகிறது. இவ்வளவு சிக்கனமான, நேர்மையான குறியைப் புதிய ஆப்கள் பல ஏன் கைவிட்டன என்று எனக்குப் புரியவே இல்லை. தேர்ந்தெடுத்த பாட்டுகளின் நேரத்தை மொத்தத்துக்குப் பக்கத்திலேயே காட்டும் பழக்கமும் அங்கே இருந்தது. அதையும் திருப்பிக் கொண்டுவரலாம்.

கூட்டல் சுலபம்தான், இரண்டு விஷயத்தைக் கவனித்தால். முதலாவது, ஒவ்வொரு பாட்டையும் முழு வினாடியாக வெட்டிவிட்டுக் கூட்டக்கூடாது. பாட்டுக்குச் சராசரி அரை வினாடி போகும். 120 பாட்டில் ஒரு நிமிடம் காணாமல் போய்விடும். மில்லிவினாடியில் கூட்டி, காட்டும்போது மட்டும் வெட்டுங்கள். இரண்டாவது, அந்த மில்லிவினாடியை மைனஸும் வரக்கூடிய (signed) 32 பிட் எண்ணில் வைக்காதீர்கள். 24 நாள் 20 மணி நேரம் தாண்டியதும் மொத்தம் மைனஸுக்குப் போய்விடும். பெரிய தொகுப்பு வைத்திருப்பவருக்கு அது எட்டாத தூரம் இல்லை.

காட்டுவதற்குக் கடிகார நேரத்துக்கான ஃபங்ஷனை எடுத்துப் போடுவதுதான் அடுத்த வழக்கமான பிழை. 25 மணி நேரப் பட்டியல் 1:00:00 ஆகிவிடும். சில சமயம் கணினியின் நேர மண்டல வித்தியாசமும் சேர்ந்துகொண்டு நாலு நிமிடப் பாட்டு பல மணி நேரம் காட்டும். கால அளவு வேறு, கடிகார நேரம் வேறு. வகுத்து, மீதி எடுத்து, நாமே எழுதிக்கொள்வது பத்து வரி வேலை.

ஓடிய நேரம், மிச்ச நேரம் இரண்டையும் தனித்தனியாக வெட்டினாலும் இடிக்கும். 224.6 வினாடிப் பாட்டில் 70.8 ஓடியிருக்கிறது: 1:10 என்றும் 2:33 என்றும் வரும். கூட்டினால் 3:43, ஆனால் பட்டியலில் இருப்பது 3:44. திரையில் காட்டும் மொத்தத்திலிருந்து திரையில் காட்டும் ஓடிய நேரத்தைக் கழித்து மிச்சத்தை எழுதினால் தீர்ந்தது. எழுத்துருவில் எல்லா இலக்கமும் ஒரே அகலத்தில் இருக்கட்டும். இல்லாவிட்டால் வினாடிக்கு வினாடி வரிசை ஆடிக்கொண்டே இருக்கும். திரையில் உள்ளதை வாசித்துச் சொல்லும் ஸ்கிரீன் ரீடருக்கு "3 நிமிடம் 44 வினாடி" என்று தனி லேபிள் கொடுங்கள், 3:44 என்பதை அது மணி என்று வாசித்துவிடாமல் இருக்க.

உண்மையில் கேட்பவருக்கு வேண்டியது மொத்தம்கூட இல்லை, "இது எத்தனை மணிக்கு முடியும்" என்பதுதான். ஷஃபிளில் இந்தப் பாட்டுக்குக் கீழே இருப்பதை எல்லாம் கூட்டுவது அர்த்தமற்றது. இன்னும் ஓடாதவற்றை மட்டுமே கூட்ட வேண்டும். 100 பாட்டுக்கு நடுவே 8 வினாடி கிராஸ்ஃபேட் (ஒரு பாட்டு அடங்கும்போதே அடுத்தது எழுவது) வைத்தால் 99 இணைப்பில் 13 நிமிடம் 12 வினாடி குறையும். வேகத்தை 1.5 ஆக்கினால் மிச்சத்தை 1.5-ஆல் வகுக்க வேண்டும். முழுப் பட்டியலும் ரிப்பீட்டில் இருந்தாலோ, வரிசையில் இணைய வானொலி ஒன்று இருந்தாலோ, முடியும் நேரத்தைக் காலியாக விட்டுவிடுங்கள்.