மாநிலம் மாறினால் பழைய ஓட்டுநர் பதிவு அழியாது

அமெரிக்காவில் விதிமீறலுக்காகத் தண்டனை பெற்ற லாரி ஓட்டுநர், வேறொரு மாநிலத்துக்குக் குடிபெயர்ந்து புதிய உரிமம் எடுத்துவிட்டால் பழைய பதிவு மறைந்து வேலை எளிதில் கிடைத்துவிடும் என்று பரவிவரும் தகவல் தவறானது. பல மாநிலங்களில் உரிமம் வைத்துக்கொண்டு குற்றங்களைப் பிரித்து மறைத்த காலம் உண்மையிலேயே இருந்தது. அதைத் தடுப்பதற்காகவே 1986ஆம் ஆண்டுச் சட்டம், கனரக வாகன ஓட்டுநர் ஒரே உரிமம்தான் வைத்திருக்கலாம் என்று வரையறுத்து, மாநிலங்களின் பதிவுகளை ஒரே தகவல் அமைப்பில் இணைக்க வழிசெய்தது. பணியமர்த்தும் நிறுவனமும், கடந்த 3 ஆண்டுகளில் அவர் உரிமம் பெற்றிருந்த ஒவ்வொரு மாநிலத்திடமும் பதிவைக் கேட்டுப் பெற வேண்டும். மது, போதைப்பொருள் சோதனை மீறல்கள் 2020 ஜனவரி முதல் தனியொரு தேசியத் தரவுத்தளத்தில் சேர்கின்றன. வேலைக்கு எடுக்குமுன் அதைப் பார்ப்பதும் கட்டாயம்.

ஒருமுறை தவறினால் வாழ்நாள் முழுவதும் லாரி ஓட்ட முடியாது என்பதும் சரியன்று. மது அருந்தி ஓட்டிய முதல் குற்றத்துக்கு, அபாயகரமான சரக்கு ஏற்றியிராவிட்டால், தகுதிநீக்கம் 1 ஆண்டுதான். இரண்டாம் முறைக்கே வாழ்நாள் தடை. விண்ணப்பத்தில் 3 ஆண்டு விதிமீறல்களை எழுதியே ஆக வேண்டும் என்பதால், வதந்தியை நம்பி மறைப்பவர், நிறுவனம் பொறுத்துக்கொண்டிருக்கக்கூடிய பழைய தவற்றுடன் பொய்யையும் சேர்த்துக்கொள்கிறார் என்பதே எனக்கு மிகுந்த வருத்தமளிக்கிறது.