இரண்டு பிறந்த திகதிகளும் ஒரு ஜூலை முதலாம் திகதியும்

பனித்தளத்தில் ஓர் ஆணும் ஒரு பெண்ணும் சேர்ந்து சறுக்கி ஆடும் ஐஸ் டான்ஸில், கனிஷ்ட சோடிகளுக்கு வருகிற பருவகாலம் எப்படி அமையும் என்று பேசுபவர்கள் வழக்கமாகக் கடந்த உலகக் கனிஷ்ட சம்பியன்ஷிப்பின் புள்ளிகளை எடுத்து வைத்துக்கொண்டுதான் பேச்சைத் தொடங்குகிறார்கள். நான் முதலில் தேடுவது அந்தச் சோடியில் உள்ள இருவரின் பிறந்த திகதிகளை. சர்வதேசச் சறுக்கல் சங்கமான ஐ.எஸ்.யு.வின் கணக்கில் ஒரு பருவகாலம் ஜூலை 1ஆம் திகதி தொடங்கி அடுத்த ஆண்டு ஜூன் 30இல் முடிகிறது. அந்த ஜூலை 1இல் ஒருவருக்கு என்ன வயது நிறைந்திருக்கிறதோ, அதுவே அவருக்கு அந்த ஆண்டு முழுவதற்குமான வயது. இந்த விதியில் ஓர் அநீதி இருக்கிறது என்றும், அதைத் திருத்துவது கடினமல்ல என்றும் நான் நம்புகிறேன். அதைச் சொல்லவே இந்த நீண்ட பதிவு.

கிளிநொச்சி மாவட்டத்தில் உடற்கல்வி ஆசிரியராக இருக்கும் எனக்கு இந்த விளையாட்டோடு என்ன தொடர்பு என்று நண்பர்கள் கேட்பதுண்டு. ஒன்ராறியோவில் இருக்கும் என் அண்ணாவின் மகள் சிறு வயதிலேயே சறுக்கல் பழகத் தொடங்கினாள். அவளுக்காகப் பார்க்கத் தொடங்கியவன், இப்போது அவள் ஆடாத போட்டிகளையும் விடாமல் பார்க்கிறேன். பல நாடுகளில் தொடராக நடக்கும் கனிஷ்ட கிராண்ட் பிறி போட்டிகளை ஐ.எஸ்.யு. தன் யூரியூப் தளத்தில் இலவசமாக ஒளிபரப்புகிறது. ஐரோப்பாவில் நடக்கும் போட்டி நம் ஊரில் இரவு வெகுநேரம் வரை நீளும். ஆனாலும் ஒக்ரோபர் மழையில் சிக்னல் விட்டுவிட்டு வந்தாலும்கூட அதைப் பார்ப்பவர்கள் வன்னியில் என்னைத் தவிர வேறு சிலரும் இருக்கிறார்கள் என்பதை அண்மையில் அறிந்து மகிழ்ந்தேன்.

இப்போதுள்ள விதிப்படி, கனிஷ்ட பிரிவில் ஆட 13 வயது நிறைந்திருக்க வேண்டும். தனிநபர் பிரிவில் 19 வயதை எட்டியவர் கனிஷ்ட வீரர் அல்லர். ஐஸ் டான்ஸில் ஆண், பெண் இருவருக்கும் அந்த எல்லை 21. எனவே 2026-27 பருவகாலத்தில், 2005 ஜூலை 1ஆம் திகதிக்கும் 2013 ஜூன் 30ஆம் திகதிக்கும் இடையில் பிறந்தவர்களே கனிஷ்ட ஐஸ் டான்ஸில் ஆட முடியும். முன்னர் ஆணுக்கு 21 ஆகவும் பெண்ணுக்கு 19 ஆகவும் இருந்த எல்லையை இருவருக்கும் ஒன்றாக்கியதை நான் முழுமனதோடு வரவேற்கிறேன். பழைய விதியின்படி 19 வயதுப் பெண்ணும் 18 வயது ஆணும் சேர்ந்து ஆடினால், ஆணுக்கு இன்னும் கனிஷ்ட ஆண்டுகள் மீதமிருக்க, பெண்ணின் வயதுக்காக இருவரும் சிரேஷ்ட பிரிவுக்குப் போக வேண்டியிருந்தது. அப்படிப் போக மனமில்லாத ஆண் இளைய பெண்ணொருத்தியைத் தேடிப் போவதற்கு அந்த விதியே வழி செய்துகொடுத்தது. ஆண் பிள்ளைகள் மிகக் குறைவாகவே இந்த விளையாட்டுக்கு வருகிறார்கள் என்பதால், கைவிடப்பட்ட பெண்ணுக்கு இன்னொரு துணை கிடைப்பது அரிது. (கனடாவின் உள்நாட்டுப் போட்டிகளில் எந்த இருவரும் சோடியாக ஆடலாம் என்று அந்நாட்டின் சறுக்கல் சங்கம் 2022 டிசம்பரில் அறிவித்ததற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம் என நினைக்கிறேன். சர்வதேசப் போட்டிகளில் ஓர் ஆணும் ஒரு பெண்ணும் என்பதே இன்னும் விதி.)

இதன் மறுபக்கத்தில் சிரேஷ்ட பிரிவின் கீழெல்லை இருக்கிறது. 2022 ஜூனில் தாய்லாந்தின் புக்கெட்டில் கூடிய ஐ.எஸ்.யு. மாநாடு, 15 ஆக இருந்த அந்த எல்லையை 2023-24இல் 16 ஆகவும் 2024-25இலிருந்து 17 ஆகவும் உயர்த்த முடிவெடுத்தது. ஆதரவாக 100 வாக்குகளும் எதிராக 16 வாக்குகளும் விழுந்தன. அதே ஆண்டு பெப்ரவரியில் பெய்ஜிங் ஒலிம்பிக்கில் 15 வயதுப் பிள்ளையொருத்தி ஊக்கமருந்து விவகாரத்தின் நடுவே உலகத்தின் முன் உடைந்துபோனதைப் பார்த்த எவரும் அந்த முடிவைக் குறைசொல்ல மாட்டார்கள். பிள்ளைகளின் எலும்பும் மனமும் முதிர்வதற்கு முன் அவர்களைப் பெரியவர்களின் மேடையில் ஏற்றக் கூடாது என்பதில் எனக்கு இரண்டாம் கருத்தில்லை.

ஆனால் ஒற்றை ஆளுக்குப் பொருந்தும் விதியை இருவர் சேர்ந்தாடும் விளையாட்டில் அப்படியே வைத்தபோது, நடுவில் ஒரு பள்ளம் விழுந்துவிட்டது. ஆணுக்கு 21 நிறைந்து பெண்ணுக்கு 17 நிறையவில்லை என்றால், அந்தச் சோடி கனிஷ்ட பிரிவிலும் ஆட முடியாது, சிரேஷ்ட பிரிவிலும் ஆட முடியாது. சிரேஷ்ட எல்லை 15 ஆக இருந்தபோது, இருவருக்கும் இடையில் 6 ஆண்டுகளுக்கு மேல் வித்தியாசம் இருந்தால்தான் இந்தப் பள்ளத்தில் விழ முடியும். இப்போது 4 ஆண்டுகளுக்கு மேல் இருந்தாலே போதும்.

இரண்டு சோடிகளைக் கற்பனை செய்துகொள்வோம். முதல் சோடியில் ஆண் 2005 ஜூன் 10இலும் பெண் 2009 ஓகஸ்ட் 10இலும் பிறந்தவர்கள். இரண்டாவது சோடியில் ஆண் 2005 ஓகஸ்ட் 10இலும் பெண் 2009 ஒக்ரோபர் 10இலும் பிறந்தவர்கள். இரு சோடிகளுக்கும் வயது வித்தியாசம் 4 ஆண்டும் 2 மாதமும்தான். 2026 ஜூலை 1இல் முதல் சோடியின் ஆணுக்கு 21, பெண்ணுக்கு 16. அவர்களுக்கு அந்தப் பருவகாலம் முழுவதும் சர்வதேச மேடை இல்லை. இரண்டாவது சோடிக்கோ அன்று 20உம் 16உம் என்பதால் கனிஷ்ட பிரிவு திறந்திருக்கிறது. அடுத்த ஜூலையில் 21உம் 17உம் ஆகும்போது சிரேஷ்ட பிரிவும் திறந்துவிடுகிறது. ஒரு நாள்கூட இழக்காத சோடிக்கும் ஓராண்டை முழுதாக இழக்கும் சோடிக்கும் இடையில் உள்ள வேறுபாடு இரண்டு மாதம் மட்டுமே. அதற்கு அந்தப் பிள்ளைகளின் திறமையோ முதிர்ச்சியோ உடல்வளமோ எந்த வகையிலும் காரணமில்லை.

இந்த ஓராண்டை நான் இவ்வளவு பெரிதாக எடுத்துக்கொள்வதற்குக் காரணம் ஐஸ் டான்ஸின் இயல்பு. தனிநபர் பிரிவைப்போலப் பலமுறை சுழன்று தாவும் தாவல்கள் இதில் இல்லை. சோடிச் சறுக்கலைப்போலப் பெண்ணைக் காற்றில் எறிந்து தரையிறக்குவதும் இல்லை. சறுக்குக் காலணியின் கத்தி விளிம்பு பதியும் ஆழம், இருவருக்கும் இடையில் உள்ள நெருக்கம், இசைக்கு ஒரே நேரத்தில் மூச்செடுப்பது, ஒரே வேகத்தில் அருகருகே சுழன்று செல்லும் ருவிசில்கள் ஆகியவையே இங்கு புள்ளியாகின்றன. அவை பல ஆண்டுகள் சேர்ந்து ஆடியபின்பே வரும். கனடாவின் ரெஸ்ஸா வேர்ச்சுவும் ஸ்கொட் மொயரும் 1997இல் 7 வயதிலும் 9 வயதிலும் சேர்ந்தவர்கள். உலகக் கனிஷ்டப் பட்டத்தை அவர்கள் வென்றது 2006இல். 2010இலும் 2018இலும் ஒலிம்பிக் தங்கம் அதற்குப் பிறகு வந்தது. பிரான்சின் பப்படாக்கிஸும் சிசெரோனும் 2013இல் கனிஷ்ட பிரிவில் வெள்ளி பெற்று இரண்டே ஆண்டுகளில் உலகச் சம்பியன்களானது வியப்புக்குரியது. ஆனால் அவர்களும் சிறு வயதிலிருந்தே ஒன்றாக ஆடியவர்கள் என்பதை மறந்துவிடக் கூடாது.

கனிஷ்ட வெற்றி எதிர்காலத்துக்கு உத்தரவாதமா என்று கேட்டால், சோடிக்கு அல்ல, ஆட்டக்காரருக்கு ஓரளவு என்பேன். 2008இல் உலகக் கனிஷ்டப் பட்டத்தை எமிலி சமுவேல்சனோடு வென்றவர் அமெரிக்காவின் எவன் பேற்ஸ். 2009இல் அதே பட்டத்தை கிரெக் சூர்லைனோடு வென்றவர் மடிசன் சொக். அந்த இரண்டு சோடிகளும் நிலைக்கவில்லை. 2011இல் சொக்கும் பேற்ஸும் புதிதாகச் சேர்ந்தார்கள். 2023, 2024, 2025 என்று தொடர்ந்து மூன்று உலகப் பட்டங்களை அவர்கள் வென்றபோது பேற்ஸுக்கு வயது 36 ஆகியிருந்தது. 2020இல் தல்லினில் கனிஷ்ட உலகப் பட்டம் வென்ற அவொன்லி நுயெனும் வடிம் கொலெஸ்னிக்கும்கூடப் பின்னர் பிரிந்துவிட்டார்கள். ஆகவே வருகிற பருவகாலத்தைப் பற்றி முன்கூட்டியே பட்டியல் போடுபவர்களின் பேச்சை நான் எச்சரிக்கையோடுதான் கேட்கிறேன். ஒலிம்பிக் முடிந்த ஆண்டு என்பதால் சிரேஷ்ட பிரிவில் ஓய்வுகளும் பிரிவுகளும் கூடுதலாக இருக்கும். கனிஷ்ட பிரிவில் நன்றாக ஆடிய சிலரை மேலே இழுக்கும் கைகளும் நீளும்.

அடுத்துவரும் இளையவர்களுக்கு மூத்த சோடிகள் விட்டுச்செல்வது இடங்களை. உலகக் கனிஷ்டப் போட்டியில் ஒரு நாட்டின் ஒரே சோடி முதல் இரண்டு இடங்களுக்குள் வந்தால், மறு ஆண்டு அந்த நாடு மூன்று சோடிகளை அனுப்பலாம். 10ஆம் இடத்துக்குள் வந்தால் இரண்டு. கனிஷ்ட கிராண்ட் பிறி தொடருக்கான இடங்களும் அந்தத் தரவரிசையை ஒட்டியே பங்கிடப்படுகின்றன. எனவே 21 வயதை எட்டி விடைபெறும் சோடி வென்ற இடத்தில், அதுவரை யாரும் கவனிக்காத 15, 16 வயதுப் பிள்ளைகள் ஓகஸ்டில் வந்து நிற்பார்கள். நான் இந்தப் பருவத்தில் பார்க்க விரும்புவது அவர்களைத்தான்.

இனி, என்னை இந்தப் பதிவை எழுத வைத்த விடயத்துக்கு வருகிறேன். 2020-21இல் பெருந்தொற்று காரணமாகக் கனிஷ்ட கிராண்ட் பிறி தொடர் முழுவதும் இரத்துச் செய்யப்பட்டது. 2021 மார்ச்சில் சீனாவின் ஹார்பினில் நடக்கவிருந்த உலகக் கனிஷ்டப் போட்டியும் நடக்கவில்லை. அந்த ஆண்டோடு வயதெல்லையைக் கடந்தவர்கள் தங்களின் கடைசிக் கனிஷ்டப் பருவத்தில் இந்த இரண்டையும் இழந்தார்கள். எல்லை ஒரு நாள்கூட நீட்டப்படவில்லை. 2022இல் போர் தொடங்கியபின் உக்ரைன் பிள்ளைகள் ஊரையும் பயிற்சித் தளத்தையும் விட்டு அந்நிய நாடுகளில் இடம்தேடிப் பழகினார்கள். அந்த மார்ச்சில் ரஷ்ய, பெலாருஸ் வீரர்கள் போட்டிகளிலிருந்து விலக்கப்பட்டார்கள். அந்தத் தடை சரியா, பிழையா என்ற வாதத்துக்குள் நான் இங்கே போகவில்லை. எந்தப் பக்கத்துப் பிள்ளையானாலும், அவர்களுக்கு ஜூலை 1 வழமைபோல வந்துகொண்டே இருந்தது என்பதையே சொல்கிறேன்.

இதை வன்னியில் வாழ்ந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. 2008இல் இடம்பெயரத் தொடங்கி, 2009இல் செட்டிகுளம் முகாம்களுக்குள் போய், மீள்குடியேறிப் பாடசாலை மைதானத்தில் மறுபடி சுண்ணாம்புக் கோடு போடும்வரை எங்கள் பிள்ளைகளுக்கு விளையாட்டுப் போட்டி என்ற ஒன்றே இருக்கவில்லை. இடம்பெயரும் முன் 800 மீற்றரில் மாகாணமட்டத்துக்குப் போவாள் என்று நாங்கள் உறுதியாக நம்பிய ஒரு மாணவி, திரும்பி வந்தபோது தன் பிரிவுக்கு வயது போய்விட்டது என்ற ஒரு வரியோடு நிறுத்தப்பட்டாள். அவள் மேற்பிரிவில் ஓடினாள். பயிற்சியில்லாத கால்களோடு, இடையறாமல் ஓடிவந்த பிள்ளைகளுக்கு எதிராக ஓடினாள். பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தைத் தொலைத்த பிள்ளைகளின் நிலை இன்னும் கடினமாக இருந்தது. நடமாடும் சேவைகளில் வரிசையில் நின்று பிரதியோ உத்தேச வயதுச் சான்றிதழோ பெற்ற பின்பே அவர்களால் வலயமட்டப் போட்டிக்குப் பெயர் கொடுக்க முடிந்தது.

வயது விதியே வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. 19 வயதுப் பையனை 15 வயதுப் பிள்ளைகளோடு ஓடவிட்டால் என்ன நடக்கும் என்பதை மைதானத்தில் நிற்கும் எந்த ஆசிரியரும் அறிவார். வயதைக் குறைத்துக் காட்டும் பத்திரங்களைத் திருப்பியனுப்பும் வேலையும் எங்களுடையதுதான். வயது விதி இளையவரைக் காப்பதற்காக இருக்கிறது. அப்படியானால், போட்டியே நடக்காத ஓர் ஆண்டை வயதாக எண்ணி ஒருவரை வெளியேற்றுவதால் எந்த இளையவர் காக்கப்படுகிறார்?

என் கருத்து இதுதான். உலகக் கனிஷ்டப் போட்டியும் கிராண்ட் பிறி தொடரும் நடக்காமல் போன பருவகாலத்தில் கனிஷ்ட வயதில் இருந்த அனைவருக்கும், மேலெல்லையை ஓராண்டு நீட்ட வேண்டும். போரால் இடம்பெயர்ந்து ஒரு பருவத்தை இழந்ததை நிரூபிக்கக்கூடியவர்களுக்கும் அதே சலுகை கிடைக்க வேண்டும். நடுப்பள்ளத்தில் விழும் சோடிகளைப் பொறுத்தவரை, பெண்ணுக்கு 17 நிறையும்வரை அவர்களைக் கனிஷ்ட பிரிவில் வைத்திருக்கலாம். 21 வயது ஆணுக்கு அதனால் அநியாயமான உடல் அனுகூலம் கிடைத்துவிடும் என்ற வாதத்தை நான் ஏற்கவில்லை. சோடிச் சறுக்கலில் ஆண்களுக்கு அந்த எல்லை ஏற்கெனவே 23 ஆக இருக்கிறது. ஒருவரை ஒருவர் தூக்குவதில் பலம் அதிகம் தேவைப்படும் பிரிவில் ஏற்றுக்கொண்டதை, பலத்தைவிட நுட்பமே கேட்கும் பிரிவில் மறுப்பதற்கு நியாயம் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. ஐ.எஸ்.யு. மாநாடு இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை கூடுகிறது. விதியை மாற்றும் அதிகாரம் அங்கே இருக்கிறது, மாற்றிய முன்னுதாரணமும் இருக்கிறது.

அதுவரை, கனடாவிலும் ஐரோப்பாவிலும் பிள்ளைகளை இந்த விளையாட்டில் சேர்த்திருக்கும் நம் உறவுகளுக்கு ஒரு வேண்டுகோள். பயிற்றுநர் ஒரு துணையைக் காட்டும்போது உயரப் பொருத்தத்தையும் ஆட்டப் பொருத்தத்தையும் பார்ப்பதோடு நின்றுவிடாமல், இரு பிள்ளைகளின் பிறந்த திகதிகளையும் ஒரு தாளில் எழுதி, ஒவ்வொரு ஜூலை 1இலும் அவர்களுக்கு என்ன வயது நிறைகிறது என்று ஐந்து ஆண்டுகளுக்கு முன்னோக்கிக் கணக்குப் போட்டுப் பாருங்கள். வித்தியாசம் 4 ஆண்டுகளுக்குள் இருந்தால் நடுப்பள்ளம் இல்லை. அதற்கு மேலிருந்தால், எந்தப் பருவம் வெறுமையாகப் போகக்கூடும் என்பதைப் பயிற்றுநரிடம் இப்போதே கேளுங்கள். அண்ணாவுக்கும் இதையே சென்ற வாரம் எழுதி அனுப்பினேன்.