செங்காந்தள் கிழங்கை அரைத்துக் குடித்தால் மூட்டுவலி போகுமா?

"கண்வலிக்கிழங்கை வேகவைத்து, பாலில் அரைத்துத் தினமும் ஒரு ஸ்பூன் குடித்தால் மூட்டுவலி ஓடிப்போகும், இயற்கை மருந்து, பக்கவிளைவே இல்லை" என்று ஒரு தகவல் வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. தயவுசெய்து யாரும் செய்து பார்க்காதீர்கள். இது உயிரைப் பறிக்கும்.

செங்காந்தள் தமிழ்நாட்டின் மாநில மலர். அதன் கிழங்கைத்தான் கண்வலிக்கிழங்கு என்கிறார்கள். அந்தக் கிழங்கிலும் விதையிலும் கோல்ச்சிசின் என்ற நச்சு இருக்கிறது. 'கவுட்' என்னும் மூட்டு வீக்கத்துக்கு டாக்டர்கள் தரும் மாத்திரையில் இருப்பதும் அதுதான். வதந்தி இங்கிருந்துதான் கிளம்பியிருக்க வேண்டும். ஆனால் ஒரு மாத்திரையில் இருப்பது வெறும் 0.5 மில்லிகிராம். கிழங்கில் எவ்வளவு இருக்கிறது என்பதைக் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது, கிழங்குக்குக் கிழங்கு மாறும். வேகவைத்தாலும் விஷம் போகாது. வள்ளிக்கிழங்கு என்று நினைத்து அவித்துத் தின்று இறந்தவர்கள் உண்டு.

சாப்பிட்ட சில மணி நேரத்தில் வாந்தியும் கடும் வயிற்றுப்போக்கும் தொடங்கும். அது அடங்கியதும் சரியாகிவிட்டது என்று வீட்டிலேயே இருந்துவிடுகிறார்கள். ஆபத்தே அதற்குப் பிறகுதான்: சிறுநீரகம், இதயம், எலும்பு மஜ்ஜை என ஒவ்வொன்றாகப் பாதிக்கும். பிழைத்தவர்களுக்கும் ஓரிரு வாரத்தில் முடி கொத்துக்கொத்தாகக் கொட்டும்.

சித்த மருத்துவத்தில் இது இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது, சுத்தி (நச்சைக் குறைக்கும் முறை) செய்த பிறகு, பயிற்சி பெற்ற மருத்துவர் கையால். ஆயுர்வேதத்தில் 'லாங்கலி' எனப்படும் இதே கிழங்கை இந்திய மருந்துச் சட்டம் நச்சு மருந்துப் பட்டியலில்தான் வைத்திருக்கிறது.

யாராவது ஏற்கெனவே குடித்திருந்தால், வாந்தி வரும்வரை காத்திருக்காமல் உடனே அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். மிச்சக் கிழங்கையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.