"அந்த ஒருங்கிணைப்பாளர் வேலைக்கு போலாமாண்ணா"ன்னு கேட்ட தங்கச்சிக்கு

போன ஞாயித்துக்கிழமை காட்பாடியில சித்தப்பா வீட்டுக்கு போயிருந்தேன். சின்னவ எம்.எஸ்.டபிள்யூ, அதான் சமூகப்பணி படிப்பு, முடிச்சிட்டு ஒரு வருஷமா வீட்ல இருக்கா. முதியோர், மாற்றுத்திறனாளிங்களுக்கான சேவைய எல்லாம் ஒருங்கிணைக்கிற வேலை ஒண்ணு வந்திருக்காம், கவர்மென்ட் தான் ஆனா கான்ட்ராக்ட், தொகுப்பூதியம், நீ ஆறு வருஷமா அதுலதான இருக்க, அப்ளை பண்ணட்டுமாண்ணான்னு கேட்டா. சித்தப்பா உடனே "பர்மனென்ட் இல்லன்னா இன்னாத்துக்கு, பேசாம குரூப் ஃபோருக்கு படிக்க சொல்லு"ன்னாரு. அதுக்குள்ள சித்தி பிரியாணிய எடுத்துட்டு வந்து வச்சாங்க, பேச்சு அப்படியே மாறிடுச்சு. அவளுக்கு ஒழுங்கா ஒரு பதில் சொல்லாமலே வந்துட்டேன். அதான் இங்க எழுதுறேன், கொஞ்சம் நீளமா போவும், டைம் இருக்கறவங்க படிங்க.

மொதல்ல ஒண்ணு தெளிவா சொல்லிடுறேன். ஊர்ல எல்லாரும் நெனைக்கிறாங்க நான் பென்ஷன் குடுக்கற ஆளுன்னு. என் கையில ஒத்த ரூபா இல்ல, எந்த பேப்பர்லயும் நான் போடற கையெழுத்துக்கு மதிப்பும் இல்ல. ஓஏபின்னு நம்ம ஊர்ல சொல்ற முதியோர் பணம் 1200, அது வருவாய்த்துறை, தாலுகா ஆபீஸ்ல சமூகப் பாதுகாப்பு தாசில்தார். ஊனமுற்றோர் பணம் 1500, அதுவும் அவருதான். ஆனா பாதிப்பு ரொம்ப அதிகமா இருக்கறவங்களுக்கு மாசம் 2000 பராமரிப்புத் தொகைன்னு ஒண்ணு இருக்கு, அது மாற்றுத்திறனாளிகள் நலத்துறை, அதுக்கு வேலூர் சத்துவாச்சாரி கலெக்டர் ஆபீஸ் பக்கம் வரணும். ஊனமுற்றோர் சர்டிபிகேட்டுக்கு அரசு ஆஸ்பத்திரி. புள்ளைங்க சோறு போடலன்னா மனு குடுக்கறது ஆர்டிஓ கிட்ட, அதாவது வருவாய் கோட்டாட்சியர், வண்டி லைசென்ஸ் ஆபீஸ் இல்ல, அந்த விஷயத்த பாத்துக்கறது சமூக நலத்துறை. பிபி சுகர் மாத்திரை வீட்டுக்கே வருதே மக்களைத் தேடி மருத்துவம், அது சுகாதாரத்துறை. 2025 ஆகஸ்ட்ல ஆரம்பிச்ச தாயுமானவர் திட்டத்துல ரேஷன் சாமான வீட்டுக்கே கொண்டாந்து தராங்க, அது கூட்டுறவு ஆளுங்க. ஒரு ஆயா, ஒரே உடம்பு, அதுக்கு இத்தன ஆபீஸ். இந்த ஆபீஸுங்களுக்கு நடுவுல ஜெராக்ஸ் கட்ட எடுத்துகினு ஓடறவன் பேருதான் ஒருங்கிணைப்பாளர்.

சரி ஒரு விஷயம் சொல்றேன், இத சொல்லத்தான் இவ்ளோ இழுக்கறேன்.

குடியாத்தம் பக்கம் ஒரு கிராமம். ஆயாவுக்கு 67 வயசு, நாப்பது வருஷமா பீடி சுத்தனவங்க, புள்ள பெங்களூர்ல பெயின்டிங் வேலை. சுகர்ல கால்ல புண்ணு வந்து, வச்சிருந்து வச்சிருந்து கடைசியில இடது கால முட்டிக்கு கீழ எடுத்துட்டாங்க. நான் 2024ல சர்வேக்கு போனப்ப ஓஏபி மட்டும்தான் வாங்கிட்டு இருந்தாங்க. நான் பெருசா ஏதோ கண்டுபுடிச்ச மாதிரி, ஆயா நீங்க மாற்றுத்திறனாளி லிஸ்ட்ல வரணும், 1500 வரும், பஸ் பாஸ் இருக்கு, செயற்கைக் கால் இருக்குன்னு அடுக்கிகினே போறேன். அந்தம்மா மொறத்துல இருந்த இலைய கத்தரிச்சிகினே என்ன நிமிந்து பாத்து, "எனக்கு இன்னாத்துக்கு கண்ணு நொண்டி சர்டிபிகேட்டு, வயசானா காலு போவும் கண்ணு போவும், நான் நல்லாதான் கீறேன்"ன்னாங்க.

இந்த ஒரு வார்த்தைய நான் எத்தன வீட்ல கேட்டுட்டேன் தெரியுமா. பொறக்கும்போதே கால் வெளங்காதவங்கள ஊனம்னு சொல்லுவாங்க, அறுபதுக்கு மேல கால் போனா அது வயசு. பக்கவாதம் வந்து ஒரு பக்கம் இழுத்துகிச்சா, வயசு. காது சுத்தமா கேக்கலியா, வயசாயிடுச்சுல்ல. வீட்ல இருக்கறவங்க மட்டும் இல்ல, ஆபீஸ்லயே அப்படித்தான், முதியோர்னா ஒரு டேபிள் மாற்றுத்திறனாளின்னா வேற டேபிள், ரெண்டும் ஒரே ஆளா வந்து நின்னா எந்த டேபிள்னு யாருக்கும் தெரியல. 1995 மாற்றுத்திறனாளிகள் சட்டத்துல 7 வகை ஊனம்தான், 2016 சட்டம் அத 21 ஆக்கிச்சு, 40 சதவீதம் இருந்தா உரிமை உண்டுன்னு இருக்கு, அதுல எங்கயும் அறுபது தாண்டினா கணக்குல வராதுன்னு எழுதல. அட, வாக்கர் ஒண்ணு வாங்கணும்னா கூட, முதியோர்னா மத்திய அரசோட வயோஸ்ரீ கேம்ப், அதான் பெரியவங்களுக்கு உதவிக் கருவி தர்ற முகாம், வர்ற வரைக்கும் காத்திருக்கணும், மாற்றுத்திறனாளின்னா நலத்துறையில மனு போடணும். வாக்கர் என்னமோ ஒரே வாக்கர்தான்.

ஆயாவ ஒரு வழியா ஒத்துக்க வச்சேன். ஆட்டோ, அங்க இருந்து பஸ்ஸு, ஆஸ்பத்திரியில சர்டிபிகேட் குடுக்கற டாக்டர் வாரத்துல ஒரு நாள்தான் பாப்பாரு, மொத தடவ போனப்ப லீவு, ரெண்டாவது தடவ போட்டோ சரியில்ல, மூணாவது தடவ கெடச்சிது. யுடிஐடி கார்டு, அதான் மாற்றுத்திறனாளி அடையாள அட்டை, அப்புறமா வந்துச்சு. நான் ரொம்ப சந்தோஷமா ஓஏபிய மாத்தி ஊனமுற்றோர் பென்ஷனுக்கு போட வச்சேன், ஏன்னா ரெண்டையும் சேத்து வாங்க முடியாது, ஒண்ண விட்டாதான் இன்னொண்ணு.

விட்டது உடனே நின்னுடுச்சு. வர வேண்டியது வரல.

நாலு மாசம். ஆபீஸ் பேரு வேணாம், எந்த ஆபீஸா இருந்தாலும் இதான் நடந்திருக்கும். ஒரு சீட்ல கேட்டா ஆன்லைன்ல பெண்டிங்ன்றாங்க, ஆன்லைன்ல பாத்தா சீட்ல பெண்டிங்ன்னு இருக்கு. ஆயா போன்ல திட்டல, திட்டியிருந்தா கூட பரவால்ல, "இன்னும் வரல கண்ணு, நீ சொன்னா வரும்னு இருக்கேன்"ன்னு மட்டும் சொல்லுவாங்க. மாத்திரைக்கு பக்கத்து வீட்ல கடன். கடைசியில ஆர்டர் வந்துச்சு, வந்த மாசத்துல இருந்துதான் பணம், நின்ன நாலு மாசம் போனது போனதுதான். கணக்கு போட்டு பாத்தேன். நாலு மாசத்துக்கு 4800 போச்சு, புதுசுல அதிகமா வர்றது மாசம் 300, அப்ப போனத ஈடு கட்டவே பதினாறு மாசம். என் ரிப்போர்ட்ல அது "பயனாளி 1, சேவை வழங்கப்பட்டது"ன்னு இருக்கு.

இதுல தப்பு என்னோடதுதான், புதுசு கைக்கு வராம பழச விட சொல்லியிருக்கக் கூடாது, ஆனா புதுசு வரணும்னா பழச விடணும்னு ரூல் சொல்லுது, அப்ப நடுவுல அந்த ஆளு எத சாப்புடுறதுன்னு ரூல் எழுதுனவங்க யோசிக்கல. எனக்கு தோணுறது இதான், நாலு பேர் திட்டினாலும் சொல்றேன்: ஒருங்கிணைப்பாளர்னு ஒருத்தர போட்டா அவருக்கு ஒரே ஒரு அதிகாரமாவது குடுங்க, ஒண்ணு கைக்கு வர்ற வரைக்கும் இன்னொண்ண நிறுத்தக் கூடாதுன்னு எழுதி கையெழுத்து போடற அதிகாரம். அது இல்லாம பேரு மட்டும் குடுத்தா அவரு வெறும் தபால்காரரு. தப்பா சொல்லிட்டேன், தபால்காரர் ஒரு காலத்துல மணியார்டர் பணத்த கையிலயே குடுத்துட்டு போவாரு. 1962ல இந்த முதியோர் பென்ஷன் ஆரம்பிச்சப்ப 20 ரூபா. இன்னிக்கு 1200, ஆனா அத எடுக்க பேங்க் ஆள் கொண்டாற மிஷின்ல விரல் வைக்கணும், பீடி சுத்துன விரல்ல ரேகை எங்க இருக்கு? அந்த ஆயா புடவ தலப்புல விரல தொடச்சு தொடச்சு பத்து விரலையும் மாத்தி மாத்தி வைக்கறத ஒரு நாள் உக்காந்து பாருங்க. இதுக்கு நடுவுல மத்திய அரசோட பங்கு 80 வயசு வரைக்கும் வெறும் 200 ரூபா, வருஷக்கணக்கா அதே 200தான், அத பத்தி பேசினா இது அரசியல் பதிவா ஆயிடும், வேணாம்.

வேலூர்ல இருந்துகினு இத பேசறதுதான் எனக்கு இன்னும் கூச்சமா இருக்கு. நம்ம ஊரு சாதாரண ஊரு இல்ல. டாக்டர் மேரி வர்கீஸ் 1954ல ஆக்சிடென்ட்ல இடுப்புக்கு கீழ செயல் இழந்து போயி, வீல்சேர்ல உக்காந்தே தொழுநோயாளிங்க கைக்கு ஆபரேஷன் பண்ணவங்க, 1966ல பாகாயத்துல மறுவாழ்வு மையம் வந்ததுக்கு அவங்கதான் காரணம். கரிகிரி தொழுநோய் ஆஸ்பத்திரி இருக்கு. உலகத்துல எங்கிருந்தோ எல்லாம் வந்து கத்துகினு போன ஊரு. ஆனா இதே மாவட்டத்துல பீஞ்சமந்தை மலைக்கு மேல ஒரு பெரியவருக்கு வீல்சேர் குடுத்தா அத உருட்டறதுக்கு வாசல்ல சமமா பத்தடி எடம் இல்ல. நான் போனப்ப அந்த வீல்சேர்ல சோளம் காய வச்சிருந்தாங்க. நான் ஒண்ணும் கேக்கல.

அப்புறம் பெத்தவங்க, முதியோர் பராமரிப்புக்கான 2007 சட்டம். நெறைய பேரு கேக்கறீங்க அதனால சொல்றேன். புள்ளைங்க பாக்கலன்னா ஆர்டிஓ கிட்ட மனு குடுக்கலாம், நம்ம மாவட்டத்துல வேலூர், குடியாத்தம்னு ரெண்டு எடத்துல ஆர்டிஓ இருக்காங்க. மாசம் 10,000 வரைக்கும் குடுக்க சொல்லி உத்தரவு போடலாம். பாத்துக்கறேன்னு சொல்லி வீட்ட எழுதி வாங்கிட்டு கைவிட்டா அந்த பத்திரத்தையே ரத்து பண்ணலாம், 23வது பிரிவு, 2025 ஜனவரியில சுப்ரீம் கோர்ட்டும் இத பெரியவங்களுக்கு சாதகமாதான் அர்த்தம் பண்ணணும்னு சொல்லிடுச்சு. அதனால சொத்த தானமா செட்டில்மென்ட் பத்திரம் எழுதறவங்க "என்ன பாத்துக்கணும்"ன்ற கண்டிஷன பத்திரத்துலயே எழுதிடுங்க, எழுத்தர் வேணாம்னு சொன்னாலும் எழுதுங்க. இதெல்லாம் ஒரு தாத்தாவுக்கு பொறுமையா எடுத்து சொன்னேன், எல்லாத்தையும் கேட்டுட்டு "மனு போட்டா பையன் ஊர்ல தல நிமிந்து நடக்க முடியுமாப்பா"ன்னாரு. அவரு சாப்புடறது கோயில் அன்னதானத்துல. அவருக்கு எந்த துறையில இருந்து நான் என்ன ஒருங்கிணைக்கிறது? 14567னு முதியோர் ஹெல்ப்லைன் நம்பர அவரு சட்டப்பையில எழுதி வச்சிட்டு வந்தேன், அவரு கூப்புட மாட்டாருன்னு எனக்கு தெரியும்.

ஒரே அடியா திட்டறேன்னு நெனைக்காதீங்க. மக்களைத் தேடி மருத்துவம் அக்காங்க இருக்காங்களே, 2021ல இருந்து வீடு வீடா மாத்திரை கொண்டு போறவங்க, எந்த தெருவுல யாரு படுத்த படுக்கைன்னு அவங்களுக்கு மனப்பாடம். என் வேலையில பாதி அவங்களாலதான் நடக்குது. ஆனா அந்த அக்காவுக்கு தெரிஞ்சது விஏஓவுக்கு தெரியாது, விஏஓ லிஸ்ட் நலத்துறைக்கு போவாது. 2019ல வேலூர மூணா பிரிச்சாங்க, ராணிப்பேட்டை திருப்பத்தூர் தனியா போச்சு, ஆபீஸ் கிட்ட வந்துச்சு, ஆம்பூர்காரங்க இவ்ளோ தூரம் வர வேண்டியதில்ல, நல்லதுதான். தூரம் கொறஞ்சிடுச்சு, ஜன்னல்ங்க எண்ணிக்க மட்டும் கொறையல. இன்னொரு கடுப்பு, சென்னையில அறுபது தாண்டுனா டவுன் பஸ்ல டோக்கன் வச்சு சும்மா போலாம், நம்ம தாத்தாங்க மட்டும் என்ன பாவம் பண்ணாங்க? ஆயாங்களுக்காவது மகளிர் பஸ் இருக்கு.

சரி சின்னவளே, உன் கேள்விக்கு வர்றேன். போ. அப்ளை பண்ணு. சித்தப்பா சொல்றதும் தப்பில்ல, மார்ச் மாசம் வந்தா கான்ட்ராக்ட் நீட்டிப்பாங்களா இல்லையான்னு வயித்துல புளிய கரைக்கும், கல்யாணத்துக்கு பொண்ணு பாக்க வந்த எடத்துல என் வேலைய சொல்லி புரிய வைக்கறதுக்குள்ள எனக்கு காபி ஆறிடுச்சு, அதெல்லாம் உனக்கும் இருக்கும். குரூப் ஃபோரும் படி, ராத்திரியில படி. ஆனா சேந்தா மொத மாசம் ஒரு மனு கூட போடாத. சும்மா போயி வீட்டுல உக்காரு, மாத்திரை அக்கா கூட ரெண்டு தெரு நட, எந்த சீட்ல யாரு நல்லா பேசுவாங்க, எந்த ஆபீஸ்ல மத்தியானத்துக்கு மேல போனா வேல நடக்கும், கண்டுபுடிச்சு வச்சுக்கோ. யாரையும் மாற்றுத்திறனாளின்னு எடுத்த எடுப்புல சொல்லாத, "நடக்க கஷ்டமா இருக்காம்மா"ன்னு கேளு. ஓடிபி வந்தா அவங்க போன் பேத்தி கையில இருக்கும், பேத்தி ஸ்கூல் விட்டு வர்ற நேரம் தெரிஞ்சு போ. பழச விட சொல்றதுக்கு முன்னாடி கையில ஆறு மாச மாத்திரைக்கு வழி இருக்கான்னு கேட்டுட்டு சொல்லு, இத நான் 4800 ரூபா அடுத்தவங்க காசுல கத்துகிட்டது.

ஆயாவுக்கு செயற்கைக் கால் அளவு எடுக்கறது ரெண்டு தடவ தள்ளி போயி இப்ப வர்ற வியாழக்கிழமை வர சொல்லியிருக்காங்க. ஆட்டோக்காரர் கிட்ட சொல்லிட்டேன், காலையில ஏழு மணிக்கு. வேல எப்படின்னு பாக்கணும்னா நீயும் வா, குடியாத்தம் பஸ் ஸ்டாண்டுல நிக்கறேன். வரும்போது ஆயாவோட ஆதார், ரேஷன் கார்டு, யுடிஐடி மூணும் ரெண்டு ரெண்டு செட் ஜெராக்ஸ் எடுத்துட்டு வந்துடு, வாட்ஸாப்ல அனுப்பி வைக்கறேன், ஆஸ்பத்திரி வாசல்ல ஒரு பக்கம் அஞ்சு ரூபா கேக்கறான்.